விமானதள ரோட்டில் ஐந்து ஜன்னல்கள்

மதியம் மூன்று மணி. விமானதளத்துக்குப் பின்னால் போகிறதே, அந்த ரோடு. ஒரு பக்கம் முள்கம்பி வேலி. மறுபக்கம் கட்டாந்தரை. மரம் கிடையாது, கடை கிடையாது, ஒதுங்கி நிற்க ஒரு சுவர் கிடையாது. வெயில் கொளுத்துகிறது... அதில் ஒரே ஒரு வண்டி போகிறது.

ராத்திரியில் பேய்க் கதை கேட்டால் இவன் பட்டப்பகலில் ஆரம்பிக்கிறானே என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிக்கிறவரைக்கும் லாபம். போருக்காக விளக்கணைக்கிற இந்த இருட்டடிப்பு முடிந்து இரண்டாவது சைரன் ஊதும்வரை, நம் அடுக்குமாடிக்குக் கீழே கார் நிறுத்தும் இந்த இடத்தைவிட்டு யாரும் மாடிக்குப் போக முடியாது. மெழுகுவத்தியும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செல்போனைக் கவிழ்த்து வையுங்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

எனக்கு நடந்ததில்லை இது. என்னோடு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற நண்பன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய அக்காவைக் கட்டிய மச்சானுக்கு நடந்தது. அந்த மச்சான் ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டி மாட்டுகிறவர். நல்ல வேலைக்காரர். எந்நேரமும் வாயில் ஒரு கிண்டல், காதில் ஒரு பென்சில்.

போர் ஆரம்பித்த நாளிலிருந்து அவருக்கு வேலை கொட்டியது. ஏன் என்று உங்களுக்கே தெரியும். நம் விமானங்கள் கிளம்பும்போது ஊரே அதிர்கிறது. இந்தத் தெருவில் ஒன்று, அந்தத் தெருவில் ஒன்று என்று தினமும் கண்ணாடிகள் விரிசல் விட்டன. விமானம் போவதைப் பார்க்க நாமெல்லாம் மொட்டைமாடிக்கு ஓடினோம், கை தட்டினோம், இறங்கி வந்து உடைந்த கண்ணாடியைப் பெருக்கிவிட்டு மச்சானுக்குப் போன் போட்டோம். "போர் ஓயாம நடந்தா நமக்கு வேலை ஓயாது" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பாராம். கூட இருந்தவர்களும் சிரிப்பார்கள். கெட்ட மனிதர் இல்லை. நம்மைப் போல ஒருவர், அவ்வளவுதான்.

அன்று காலையில் ஒரு பெண்மணி போன் செய்தாள். குரல் கரகரவென்று, தொலைவிலிருந்து வருவது போல இருந்தது. புது வீடு, விமானதளத்துக்குப் பின்னால், ஐந்து ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்றாள். அந்தப் பக்கம் வீடே கிடையாதே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வேலை வருகிறது என்றால் யார் அதையெல்லாம் யோசிக்கிறார்கள்?

போனார். வீடு இருந்தது.

கட்டாந்தரை நடுவில் தனியாக ஒரு வீடு. பூசாத சுவர். கதவு திறந்தே கிடந்தது. வாசலிலேயே ஒரு வாடை... ஈர சிமெண்டு, கருகிய பிளாஸ்டிக், அதற்கு அடியில் பொசுங்கிய முடி மாதிரி ஏதோ ஒன்று. உள்ளே ஒரு நடுவயதுப் பெண் நின்றாள். தலைமுடி முழுக்க வெள்ளை. நரை என்று நினைத்தார். பிறகுதான் அது தூசி என்று தெரிந்தது.

உள்ளே காலை வைத்தார். நறுக் என்றது. கண்ணாடித் துண்டை மிதித்தால் வருமே, அந்தச் சத்தம். அவருக்குத் தெரியாத சத்தமா? குனிந்து பார்த்தார். தரை சுத்தமாகப் பெருக்கியிருந்தது. ஒரு துண்டுகூட இல்லை. அடுத்த அடி... நறுக். அதற்கடுத்த அடி... நறுக். எங்கேயோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு தண்ணீரில் விழும் சத்தம் இல்லை. துணியில் விழும் சத்தம்.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே ஓடியிருப்பார்கள். ஆனால் வேலைக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கை டேப்பைப் பிடித்துவிட்டால் மனசு அளவுக்குப் போய்விடும். மச்சான் அளவெடுக்க ஆரம்பித்தார். உயரம், அகலம், சட்டத்தின் ஆழம். சட்டத்தைவிட ஒரு நூல் குறைத்து வெட்ட வேண்டும், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இல்லாவிட்டால் கண்ணாடிக்கு மூச்சு முட்டும் என்பார். ஒவ்வொரு ஜன்னலையும் அளந்து முடித்ததும் சட்டத்தின் மூலையில் பென்சிலால் தன் அடையாளத்தைப் போடுவார். அந்த அடையாளத்தைப் பார்த்தால் வேறு எந்தக் கண்ணாடிக்காரரும் அந்த ஜன்னலைத் தொட மாட்டார். அளவெடுத்தவர்தான் மாட்ட வேண்டும். அவர்கள் தொழிலில் அது வாக்கு கொடுத்த மாதிரி.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் ஜன்னல் வழியாகப் பார்ப்போம். கண்ணாடிக்காரர் ஜன்னலைத்தான் பார்ப்பார். சட்டம் நேராக இருக்கிறதா, மூலை சரியாக இருக்கிறதா... அதற்கு அப்பால் என்ன இருந்தாலும் அவருக்குத் தேவையில்லை. அதனால் நான்கு ஜன்னல்களை அளந்து அடையாளமும் போட்டுவிட்டார், வெளியே என்ன இருக்கிறது என்று கவனிக்காமல்.

ஐந்தாவதில் அடையாளம் போட்டுவிட்டுத் திரும்பும்போது டேப் கை நழுவி வெளியே விழுந்தது. எடுப்பதற்காக ஜன்னலில் சாய்ந்து தலையை வெளியே நீட்டினார்.

வேலி இல்லை. கட்டாந்தரை இல்லை. மதியமும் இல்லை.

சாயங்கால வெளிச்சத்தில் ஒரு தெரு. அவர் பார்த்தே இராத தெரு. எதிர் வரிசையில் வீடுகளின் முன்பக்கம் மட்டும் நின்றது, பின்னால் ஒன்றும் இல்லை. ஒரு மாடிப்படி எங்கேயும் போய்ச் சேராமல் அந்தரத்தில் முடிந்தது. கடைப் பலகைகளில் இருந்த எழுத்து நம் எழுத்து இல்லை. அந்த எழுத்தை அவர் டிவியில் பார்த்திருக்கிறார். நாமெல்லாம் பார்த்திருக்கிறோம், தினமும், சாப்பிட்டுக்கொண்டே. அந்தத் தெரு முழுக்க ஆட்கள் நின்றார்கள். அத்தனை பேரும் நிமிர்ந்து அவரையே பார்த்தார்கள்.

தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்தப் பெண் அவருக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"என்னைக்கு வந்து மாட்டுவீங்க?" என்று கேட்டாள். "பிள்ளைங்களுக்குக் குளிருது."

வீட்டில் பிள்ளைகள் யாரும் கண்ணில் படவில்லை. வியாழக்கிழமை என்று மச்சான் எப்படியோ சொல்லிவிட்டார். பிறகு, ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது, "நான் ஒண்ணும் பண்ணலையேம்மா" என்றார்.

அவள் கோபப்படவில்லை. "தெரியும். நான் பிளேன் ஓட்டினவரைக் கூப்பிடலையே. கண்ணாடிக்காரரைத்தானே கூப்பிட்டேன்" என்றாள்.

மனிதர் வண்டியை எடுத்ததும் தெரியாது, வீட்டுக்கு வந்ததும் தெரியாது.

மறுநாள் காலை என் நண்பனையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். வீடும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் தரையில் அவருடைய டேப் மட்டும் கிடந்தது. வெயில் ஏறிப்போச்சு மச்சான், மோர் குடிங்க என்று நண்பன் ஓட்டினான். மச்சானும் சிரிக்கப் பார்த்தார். டேப்பை இழுத்தால் கரகரவென்று வந்தது. உள்ளே பொடிப்பொடியாகச் சுண்ணாம்புத் தூசி.

வியாழக்கிழமை வந்தது. அவர் போகவில்லை. நாமாக இருந்தால் மட்டும் போயிருப்போமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவரிடம், பிள்ளை படுக்கும் அறை ஒரே குளிராக இருக்கிறது, ஜன்னல் சாத்தித்தானே இருக்கிறது என்று அக்கா சொன்னாள். ஐந்து வயதுப் பெண் குழந்தை அது. ஒற்றைப் பிள்ளை. மச்சான் அறைக்குள் போய்க் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்.

விரல் வெளியே போய்விட்டது.

கண்ணாடி இல்லை. உடைந்திருந்தால் துண்டு இருக்கும். ஒரு பொடிகூட இல்லை. ஓரத்தில் அடித்த மரப்பட்டி அப்படியே இருக்கிறது, இடுக்கில் பூசிய புட்டிப் பசை அப்படியே இருக்கிறது, நடுவில் மட்டும் வெறும் காற்று. உடனே புதுக் கண்ணாடி வெட்டி மாட்டினார். காலையில் அதுவும் இல்லை. பலகை அடித்தார். பலகையும் இல்லை, ஆணிகள் மட்டும் வரிசையாக நின்றன. குழந்தையை வேறு அறைக்கு மாற்றினார்கள். அந்த ஜன்னலும் போயிற்று. நண்பன் வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். மச்சானைக் கிண்டல் செய்தவன் வீட்டிலும்... காலையில் ஜன்னல் திறந்த வாயாக நின்றது.

ஜன்னல் போனால் போகட்டும் என்று இருந்துவிடலாம். குழந்தை இருமத் தொடங்கியது. காலையில் எழுந்தால் தலைமுடி முழுக்க வெள்ளைத் தூசி. தலை வாரும்போது சீப்பில் சிமெண்டுப் பொடி வந்தது. டாக்டர் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டை இடித்துக் கட்டுகிறீர்களா, பக்கத்தில் ஏதாவது கட்டடம் இடிக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அப்படியென்றால் இவ்வளவு தூசி இந்தச் சின்ன நெஞ்சுக்குள் எப்படி வந்தது, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் தாங்காது என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குத்தான் மச்சான் பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அக்கா அழவில்லை. "நீங்க சொன்ன வார்த்தையைத்தானே கேக்கறாங்க. போய் மாட்டிட்டு வாங்க" என்றாள்.

முதல் மாடி சார் ஏதோ முணுமுணுக்கிறார். அந்தக் கண்ணாடியை உடைத்தது இவரா, இவரிடம் போய் ஏன் கேட்க வேண்டும் என்கிறார். நல்ல கேள்வி சார். நானும் நண்பனிடம் அதையேதான் கேட்டேன். மேலே இருக்கிறவர்கள் முடிவு பண்ணுகிறார்கள், நாம் என்ன செய்ய முடியும் என்று வாய் கூசாமல் சொன்னேன். மச்சான் ஓட்டுப் போட்டார், வரி கட்டினார், கை தட்டினார், அவ்வளவுதான் செய்தார். நீங்களும் நானும் செய்தது அதேதான். அதனால்தான் எனக்கு இப்போது பயம். பேசாமல் கேளுங்கள்.

ஐந்து கண்ணாடிகளை அளவுப்படி வெட்டினார், ஒவ்வொன்றிலும் ஒரு நூல் குறைத்து. தனியாக வண்டியில் ஏற்றினார். மதியம் மூன்று மணிக்கு அந்த ரோடு.

வீடு இருந்தது.

அவள் ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. வழிவிட்டு நின்றாள். நறுக்... நறுக்... மச்சான் முதல் கண்ணாடியை மாட்டினார். மாட்டியதும் குழாய் சொட்டும் சத்தம் நின்றது. இரண்டாவது கண்ணாடி. கருகல் வாடை குறைந்தது. மூன்றாவதை மாட்டிவிட்டு நடந்தால் காலடியில் நறுக் சத்தம் இல்லை. நான்காவதில் அறைக்குள் கொஞ்சம் வெதுவெதுப்பு வந்தது. மச்சானுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஒரு வேலையைச் செய்யாமல் விட்டோம், இப்போது செய்து முடிக்கிறோம், பிள்ளை பிழைத்துக்கொள்ளும்... அப்படித்தான் நினைத்தாராம். கை அதுபாட்டுக்கு ஓடியது.

ஐந்தாவது கண்ணாடியை வைத்துப் பட்டி அடித்து, துணியால் துடைத்தார். துடைக்கும்போது கண்ணாடியில் அறை தெரிந்தது. அவர் தெரிந்தார். அவருக்குப் பின்னால் சுவரோரமாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பினார். யாரும் இல்லை. கண்ணாடியில் பார்த்தார். இருக்கிறார்கள். பெரிதும் சின்னதுமாக, தோளோடு தோள் ஒட்டி, எல்லோருடைய முடியும் வெள்ளை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிரட்டவில்லை, முறைக்கவில்லை. மருந்து வாங்கப் போன அப்பா திரும்பி வந்தால் பிள்ளைகள் பார்க்குமே, அப்படிப் பார்த்தார்கள். அதைச் சொல்லும்போது மச்சான் அழுதுவிட்டாராம்.

அப்போது கண்ணாடி லேசாக முனகியது.

உள்ளங்கையில் உணர்ந்தார். ம்ம்ம்ம்... என்று ஒரு அதிர்வு. பட்டிகள் கிடுகிடுத்தன. கண்ணாடி அதிர்வதை வைத்தே எந்த விமானம் என்று சொல்கிறவர் அவர். அவருக்குத் தெரியாதா? சாயங்காலம் ஐந்து மணிக்கு நம் தளத்திலிருந்து கிளம்புகிறவைதான். நம்முடையவைதான். தினமும் நம் தலைக்கு மேலே போகிறவை.

நிமிர்ந்து பார்த்தார். நம் ஊரிலிருந்து பார்க்கும்போது அவை போகும். அவை வருவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

கண்ணாடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். உள்ளங்கைக்கு அடியில் அது துடித்தது. பின்னால் அந்தப் பெண்ணின் குரல், சமையலறையிலிருந்து பேசுவது போல சாதாரணமாகக் கேட்டது.

"தள்ளி நில்லுங்க. கண்ணாடி எப்பவும் உள்பக்கமாத்தான் தெறிக்கும்."

கண் விழித்தபோது கட்டாந்தரையில் குப்புறக் கிடந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. காதில் ஒரே ரீங்காரம். இரண்டு உள்ளங்கையிலும் ரத்தம். வண்டியில் கண்ணாடி ஏதும் இல்லை.

வீட்டுக்கு வந்தார். குழந்தையின் அறை ஜன்னலில் கண்ணாடி இருந்தது. தட்டினால் ணங் என்றது. அன்றிரவு குழந்தை இருமவில்லை. அக்கா விடிய விடிய அந்தக் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கதை முடிந்தது, கண்டம் கழிந்தது என்று நினைத்தார்கள்.

மறுநாள் காலை போன். அதே கரகரப்பு.

"உடைஞ்சிடுச்சு. அளவு அதேதான். ஆனா இப்போ நாலு போதும்."

ஏன் நான்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

அன்றும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். போகிற அன்று அவர் பிள்ளை நன்றாகத் தூங்கும். போகாத அன்று ஜன்னல் காணாமல் போகும், தூசி வந்து இறங்கும். மாட்டுவது, உடைவது, மாட்டுவது, உடைவது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒரு கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நேராக விமானதள வாசலில் போய் நின்றாராம். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கிளம்பாதீங்க, அந்த வீட்ல பிள்ளைங்க இருக்கு, நான் கண்ணால பார்த்தேன் என்று காவலுக்கு நின்ற பையன்களிடம் கெஞ்சியிருக்கிறார். முதலில் சிரித்தார்கள். பிறகு இழுத்துப் போட்டார்கள். தெருத்தெருவாகப் போய் மொட்டைமாடியில் நின்றவர்களிடம் கை தட்டாதீர்கள், நிறுத்தச் சொல்லுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டார். நம் தெருவுக்கும் வந்தார். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் கீழே நின்று கத்தினாரே, நாம் மேலேயிருந்து பார்த்துச் சிரித்தோமே... அவர்தான்.

இப்போது வரும் போனில் ஒரு ஜன்னல் மட்டும்தான் கேட்கிறாளாம்.

இந்தக் கதை இத்தோடு நின்றிருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். நிற்கவில்லை. அந்தத் தெருவில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் வேலை ஆக வேண்டியிருக்கிறது போல. குழாய் வேலை பார்க்கும் ஒருவருக்குப் போன் வந்ததாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லையாம். அவர் வீட்டில் எந்தக் குழாயைத் திறந்தாலும் இப்போது காற்று மட்டும்தான் வருகிறதாம். நண்பன் சொன்னான். நான் நம்பவில்லை.

கார்பெண்டர் அண்ணே... எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? இருட்டில் முகம் தெரியவில்லை. தெரியாததும் நல்லதுதான்.

போன வாரம் உங்கள் பட்டறைக்கு வந்திருந்தேன், நினைவிருக்கிறதா? நீங்கள் மெஷினில் மரம் அறுத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் போன் அடித்தது. நீங்கள் கையைக் காட்டினீர்கள், நான் எடுத்தேன். ஒரு பெண்மணி. கதவு வேலை பார்க்கிறவர்தானே, வந்து அளவெடுக்க வேண்டும் என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது, துணியில் சொட்டுகிற மாதிரி. எனக்குப் புரிந்துவிட்டது. வைத்துவிட்டிருக்க வேண்டும். வைக்கவில்லை. கை வரவில்லை.

அவர் இல்லையென்றால் பரவாயில்லை, நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். அண்ணே, என் வேன் நிறையப் பிள்ளைகள் அண்ணே... எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. "அவரே வருவாரும்மா, புதன்கிழமை கண்டிப்பா வருவாரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நேற்று புதன்கிழமை.

உங்களிடம் சொல்ல ஒரு வாரமாக வாய் வரவில்லை. இப்போதும் சொல்லியிருக்க மாட்டேன். நாளைக் காலை பஸ்ஸில் அண்ணியும் சின்னவனும் ஊரிலிருந்து திரும்பி வருகிறார்கள் என்று சற்று முன்னால் சொன்னீர்களே, அதனால்தான். அவர்களை அங்கேயே இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் பட்டறையிலிருந்து நேராக இங்கே வந்துவிட்டீர்கள், இன்னும் மேலே போகவில்லை. நான் சைரன் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வரும்போது உங்கள் வீட்டைத் தாண்டித்தான் வந்தேன்.

கதவு திறந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.